நூற்று முப்பது

என் வீட்டுக்காரருக்குக் கிட்டத்தில் இருக்கும் எழுத்து தெரியாது, ஐயா. கண்ணாடி போடச் சொன்னால், "நான் என்ன கிழவனா?" என்று பாய்வார். அதனால் தினமும் காலையில் பிரஷர் மெஷினில் வரும் எண்ணை நான்தான் படித்துச் சொல்வேன்.

அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுநர். பதினைந்து மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. நாள் முழுக்க அதில் குனிந்து கீழே பார்த்தபடி வேலை. போன வருஷம் பக்கத்துக் கிரேன்காரர் ஏணியிலிருந்து விழுந்து செத்தார். "கீழ ஆபீஸ் வேலை கேளுங்க" என்று கெஞ்சினேன். "உன் வேலையப் பாரு" என்றார். வருடப் பரிசோதனையில் பிரஷர் கூடுதலாக இருந்தால் மேலே ஏற்ற மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும்.

மறுநாள் மெஷின் நூற்று இருபத்தெட்டு காட்டியது.

"எவ்வளவு?"

"நூத்தி ஐம்பது. ஒண்ணுமில்ல, டென்ஷன் ஆகாதீங்க."

அப்படிச் சொன்னால் யார்தான் ஆகாமல் இருப்பார்கள்? பிறகு அஞ்சும் பத்துமாகக் கூட்டினேன். அவருக்குத் தூக்கம் போயிற்று. வயிறு எரிந்தது. பல்லைக் கடித்துக் கடித்தே கடைவாய்ப் பல் ஒன்று விண்டது. இரண்டு மாதத்தில் மெஷின் தானாகவே நூற்று அறுபது காட்டியது. பொய் சொல்லும் சிரமம்கூட எனக்கு மிச்சம். கம்பெனி டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவரைக் கீழே இறக்கி, சரக்குப் பதிவு அறையில் உட்கார வைத்தார்கள்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்கள். நியாயம்தான். மாத்திரையில் கொஞ்சம் குறையவும் செய்தது. ஆனால் இருபது வருஷமாக என்னை ஒரு வார்த்தை கேட்டு எதையும் செய்யாத மனிதர், காலையில் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்து உட்கார்ந்திருப்பார். "இன்னிக்காவது குறைஞ்சிருக்காம்மா?" என்பார். அதுவரை என்னை அம்மா போட்டுப் பேசியதே இல்லை. நான் இருபது கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தேன். பாவம் என்று தெரியும். இருந்தும் சொன்னேன்.

போன மாதம் டாக்டர், "அடுத்த தடவை மெஷினையும் கொண்டு வாங்க, பழைய அளவெல்லாம் அதுல பதிவாகியிருக்கும்" என்றார். எனக்கு அன்றுதான் அது தெரியும். நான் சொன்ன எண் ஒன்று, அதில் இருக்கும் எண் வேறு.

செவ்வாய்க்கிழமை காலை அவர் தலை வலிக்கிறது, இடது கை மரத்துப் போகிறது என்றார். கையில் பட்டையைச் சுற்றினேன். இருநூற்றுப் பதினெட்டு.

"ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமா? எவ்வளவும்மா?"

"நூத்தி முப்பது. போய்ப் படுங்க, சரியாயிடும்."

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு சிரித்தார். "எல்லாம் உன் கைராசி" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

ஒரு நாளாவது அவர் நிம்மதியாக இருக்கட்டும் என்றுதான் குறைத்துச் சொன்னேன், ஐயா. அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் படுத்திருந்த அந்த ஒரு மணி நேரம் என்ன செய்தேன் என்று கேட்டீர்கள். மேஜையில் உட்கார்ந்து, மெஷினில் இருந்த பழைய எண்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தேன். நடுவில் இரண்டு முறை கூப்பிட்டார். முடித்துவிட்டுப் போனேன்.