பாலத்தில் ஏறாத கார்

“நம்ம பாலத்துல ஏறாத காரா பாத்து எடுக்கச் சொல்ற ஆள இப்பதாம்ப்பா பாக்குறேன்.”

தஞ்சாவூரிலிருந்து ஒரத்தநாடு போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு மகளும் அப்பாவும். மகளுக்கு விதைக் கம்பெனியில் வேலை. வயல் வயலாகப் போய்ப் பார்க்க அவளுக்குக் கார் அலவன்ஸ் கொடுக்கிறார்களாம். ஷோரூமுக்குப் போய், சண்டை போட்டு, ஒன்றும் புக் பண்ணாமல் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பேச்சு பஸ் முழுக்கக் கேட்டது.

“சின்ன வண்டி போதும். வீட்டு வாசல்லயே நிறுத்திக்கலாம்.”

“அது வேணாம். பெருசா எடு.”

“பெருசு நம்ம வாய்க்கால் பாலத்துல நுழையாதுப்பா. எங்க நிறுத்துறது?”

“பெரிய தெருவுல. பண்ணையார் வீட்டுக்கு எதுத்தாப்ல.”

“நாளைக்கு நான் வேற வேலைக்குப் போனா அலவன்ஸ் நின்னுரும். அப்ப அந்த யானையக் கட்டி யாரு தீனி போடுறது?”

அப்பா பஸ் டிக்கெட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மகள் விடவில்லை.

“வயலுக்குப் போகத்தான் கம்பெனி குடுக்குது. உங்க கோவத்தத் தீத்துக்க இல்ல.”

“உங்க தாத்தாவ அந்தத் தெருவுல சைக்கிள்ல ஏற விடல. தள்ளிக்கிட்டேதான் போவாரு. நான் கூடவே நடந்துருக்கேன்.”

“அதுக்காக இப்ப நான் மழையிலயும் சேத்துலயும் அங்கேருந்து வீட்டுக்கு நடக்கணுமா?”

அவர்கள் ஊர் வந்துவிட்டது. அப்பா எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். குரல் மட்டும் இறங்கவில்லை.

“நட. கார் சாவிய ஆட்டிக்கிட்டே நட.”