ஒன்பது புள்ளி நான்கு

இந்த அறையில் கொஞ்சம் குளிரும், பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும் ஒரே ஏசி இதுதான், அதுவும் எனக்காக ஓடுவதில்லை. பழைய காமிக்ஸ் புத்தகங்களுக்கு ஈரம் ஆகாது. சேலையூர் ஏரிக்காற்று உடம்புக்கு நல்லது என்பார்கள், புத்தகத்துக்கு அது எமன். நடுவில் குத்தியிருக்கும் பின் துருப்பிடிக்கும், தாள் நெளியும். நான் பக்கத்து அறையில் ஃபேனுக்கு அடியில் படுத்துக்கொள்கிறேன். பழகிவிட்டது.

நீங்கள் கேட்க வந்ததைக் கேட்டுவிட்டீர்கள். உங்கள் அக்கா சாவித்ரி சொன்னது நிஜமா, அவராக நினைத்துக்கொண்டதா. நான் சுற்றி வளைத்துத்தான் பதில் சொல்ல வேண்டும், ஸ்ரீவித்யா மேடம். என் தொழில் தெரியாமல் நான் செய்தது புரியாது.

காமிக்ஸை வெளிநாட்டு நிறுவனத்துக்கு அனுப்பினால், பத்துக்கு எவ்வளவு என்று மதிப்பெண் போடுவார்கள். பிறகு கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடி, லேபிள் ஒட்டித் திருப்பி அனுப்புவார்கள். அதற்குப் பெயர் கிரேடிங். அதன்பின் அட்டையைப் பார்க்கலாம், புரட்ட முடியாது. பெட்டியை உடைத்தால் மதிப்பெண் செல்லாது. பல்லாவரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை யார் அனுப்ப நினைத்தாலும் என்னிடம்தான் வருவார்கள். நான் புத்தகத்தைத் தயார் செய்து அனுப்புவேன். ஆபத்துகளை முதலிலேயே சொல்லிவிடுவதும் என் வழக்கம். கஸ்டம்ஸில் பிரிக்கும்போது முனை மடங்கலாம். வழியில் தொலையலாம். எதிர்பார்த்ததில் பாதிகூட வராமல் போகலாம். என்னைப் பற்றி மட்டும் யாரையும் எச்சரித்ததில்லை.

உங்கள் அத்திம்பேர் தோத்தாத்ரி சார் கொண்டுவந்தது ‘நீலப் பருந்து’ முதல் இதழ். சின்ன வயதில் தாம்பரம் ஸ்டேஷன் பேப்பர்க் கடையில் வாங்கியதாம். பிறகு மகனுக்குக் கொடுத்திருக்கிறார். முடிச்சூரில் வெள்ளம் வந்த வருடம் பிரணவ் போய்விட்டான், பரணில் இருந்த புத்தகம் தப்பிவிட்டது. அதற்கப்புறம் சார் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. தாள் பழுத்து உதிர்ந்துவிடுமோ என்ற பயத்தில்தான் பெட்டிக்குள் வைக்க நினைத்தார்.

அவர் வாசலில் ஸ்கூட்டரைத் திருப்பி நிறுத்திக்கொண்டிருந்தபோது அக்கா உள்ளே வந்து முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். பென்சில் எழுத்து. பிரணவ், ஆறாம் வகுப்பு ‘பி’, முடிச்சூர், சென்னை, தமிழ்நாடு, இந்தியா, ஆசியா, பூமி. அதற்குக் கீழே, ‘தொலைந்தால் என் அம்மாவிடம் கொடுக்கவும்.’

“இது அவன் எழுதினது, உமேஷ். பத்திரமா பாத்துக்கோ.”

புத்தகம் கொடுக்க வருகிறவர்கள் அதில் இருக்கும் குறையைத் தாங்களாகவே திருப்பிக் காட்டுவார்கள். இங்கே கிழிசல், இங்கே கறை என்று. அக்காவும் அப்படித்தான் காட்டினார் என்று நான் எடுத்துக்கொண்டேன். ரொம்ப நாள் அப்படியே சொல்லிக்கொண்டேன். உங்களிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. அவர் விரல் அந்த எழுத்தின்மேல் இருந்தது, அதை எடுக்க அவருக்கு மனசே இல்லை. எனக்குக் கண் இருக்கிறது.

ஆனால் மேடம், அப்படியொரு புத்தகம் என் கைக்கு வந்ததே இல்லை. மடிப்பில்லை, பின்னில் துருவில்லை. அந்த எழுத்து இருந்தால் மதிப்பெண் ஏழைத் தாண்டாது. இல்லாவிட்டால் எந்தத் தமிழ்ப் புத்தகமும் வாங்காத மதிப்பெண் வரும். மிருதுவான ரப்பரால் தேய்த்தேன். அவசரப்படவில்லை, அவசரப்பட்டால் தாள் பஞ்சு மாதிரி கிளம்பிவிடும். பையன் அழுத்தி எழுதுகிறவன். கரி போன பிறகும் பள்ளம் இருந்தது, விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் படிக்க முடிந்தது. இலேசாக ஈரம் காட்டிச் சூட்டு மெஷினில் வைத்து அழுத்தினேன். சட்டைக்கு இஸ்திரி போடுவது போலத்தான். பள்ளமும் போய்விட்டது.

ஒன்பது புள்ளி நான்கு வந்தது. எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் படம் போட்டேன். என்னை மதிக்காத ஆட்கள்கூட அன்றைக்கு வாழ்த்துச் சொன்னார்கள். சந்தோஷமாக இருந்தேன், அதை மறைக்க விரும்பவில்லை.

பிரணவின் திதி வந்தபோது அக்கா போன் செய்தார். அந்த எழுத்தை ஒரு தடவை தொட்டுப் பார்க்க வேண்டும், பெட்டியைத் திறந்து கொடு என்றார். திறந்தால் கிரேடு போய்விடும் என்று சொல்லிவிட்டேன். அவர் கேட்கவில்லை. அரிவாள்மணையில் வைத்து நெம்பித் திறந்துவிட்டார். நல்லவேளை, புத்தகத்தில் படவில்லை. அன்று சாயங்காலமே சாரும் அக்காவும் புத்தகத்தையும் உடைந்த பெட்டியையும் எடுத்துக்கொண்டு இங்கே வந்தார்கள். அக்கா நீங்கள் இருக்கும் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்.

“எங்கே அவன் எழுத்து?” என்று கேட்டார்.

இதில் எழுத்து எதுவும் இருந்ததில்லையேம்மா என்றேன்.

அதைச் சொல்வது எவ்வளவு சுலபமாக இருந்தது என்பது எனக்கே ஆச்சரியம். நான் அழித்தேன் என்று தெரிந்தால் அதுவரை நான் அனுப்பிய ஒவ்வொரு புத்தகத்தையும் சந்தேகப்படுவார்கள். லேபிளை எடுத்து சாரிடம் நீட்டினேன். எழுத்து இருந்தால் அதில் குறிப்பிட்டிருப்பார்கள் என்றேன். அது உண்மைதான்.

சார் ஆயுசு முழுக்க ஆடிட் ஆபீஸில் இருந்தவர். “லேபிள்லயே ஒண்ணும் இல்லையே, சாவித்ரி. அவாளுக்குத் தெரியாததா?” என்றார்.

“நான் பாத்தேன்னா. உமேஷுக்கும் காமிச்சேனே.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். துக்கத்தில் மனசு இல்லாததை உண்டாக்கிக்கொள்ளும் என்று எங்கோ படித்ததைச் சார் காதில் படும்படி சொன்னேன். போட்டோ ஏதாவது எடுத்தாயா என்று அக்கா கேட்டார். இல்லை என்றேன். புத்தகம் வந்தவுடன் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்துவிடுவது என் வழக்கம். அது கம்ப்யூட்டரில் இருந்தது, அவருடைய முழங்கைக்குப் பக்கத்தில்.

சார் புத்தகத்தை மறுபடி அனுப்பச் சொன்னார், அதே மதிப்பெண் வந்தது. அக்காவை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார், மாத்திரை ஆரம்பித்தார்கள். சாரிடம் பேச முடியாததால் அக்கா எனக்குத்தான் போன் செய்வார். ஒருநாள், “தொலைஞ்சா என் அம்மாகிட்ட கொடுக்கவும்னு எழுதியிருந்தான். அதுவும் நானா நினைச்சுண்டதா, உமேஷ்?” என்று கேட்டார்.

இருக்கலாம்மா, உடம்பைப் பார்த்துக்கோங்க என்றேன். அதற்கப்புறம் அவர் போன் செய்யவில்லை. எனக்கு ஆறுதலாக இருந்தது.

இப்போது அவர் பிரணவின் பெயரையே எடுப்பதில்லை, போட்டோவைக்கூடக் கழற்றி வைத்துவிட்டார் என்கிறீர்கள். எனக்குக் களைப்பாக இருக்கிறது, மேடம். அதனால் சொல்லிவிடுகிறேன். எழுத்து இருந்தது. நான்தான் அழித்தேன். உங்களுக்குச் சாட்சி வேண்டுமென்றால், பிரணவ் இடது கைக்காரன். எழுதும்போது கை பட்டுக் கரி வலப்பக்கமாக ஈஷியிருந்தது, அதையும் துடைத்தேன். அவன் இடது கைக்காரன் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

கம்ப்யூட்டரில் இருந்த அந்தப் படத்தைக் கேட்காதீர்கள். வருகிறேன் என்று நீங்கள் காலையில் போன் செய்தீர்கள் அல்லவா, வைத்தவுடன் அதையும் அழித்துவிட்டேன். அழித்தால் நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. இனி அந்த எழுத்துக்குச் சாட்சி நானும் உங்கள் அக்காவும்தான், அவரும் இப்போது அதைப் பார்த்ததே இல்லை என்கிறார் என்றீர்கள்.

அவரிடம் நீங்கள் எப்படிச் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பத்திரமாகப் பார்த்துக்கொள் என்றுதானே என்னிடம் கொடுத்தார். அந்தப் புத்தகத்தில் இன்று ஒரு பொட்டுக் கறைகூடக் கிடையாது.