மூணு பச்சைப் பொட்டலம்

— ஷூஃபென் அக்கா, என் கம்ப்யூட்டர் மேல மூணு பச்சைப் பொட்டலம் இருக்கே. யார் வெச்சது?

— தேங்காய்ப்பால் நொறுக்குதானே? இருக்கட்டும். பச்சை வெச்சா மெஷின் சொன்ன பேச்சு கேக்கும். தைப்பேயில கைக்குழந்தைக்கும் தெரியும்.

— மெஷினுக்கு ஒண்ணு போதுமே. யாரோ கிண்டல் பண்றாங்க. மூணு மணிக்கு சியூ மேனேஜர் கூப்பிட்டிருக்காரு, என் சோதனைக்காலம் இன்னியோட முடியுது. நான் பல் டாக்டர்கிட்ட போயிருந்தப்ப என்ன நடந்துச்சு?

— எனக்கெதுக்கு ஊர்வம்பு, யிசெங்? நான் உண்டு, நான் எழுதற மருந்துப் பட்டியல் உண்டு. காதுல விழுந்ததைச் சொல்றேன். காலையில மொத்த ஆபீசும் உன்னைத்தான் வறுத்துச்சு. மருந்துக் கிடங்கு புரோகிராம்ல நீ எழுதின கிளாஸ் யாரையும் உள்ளயே விடலையாம்.

— 'குளிர்ப்பெட்டி'யா? அது அப்ஸ்ட்ராக்ட் அக்கா, வெறும் அச்சு. தானா ஓடாது. யார் வேணா அதை விரிச்சு, தன் மருந்து வகையை வெச்சுக்கலாம்.

— யார் வேணாவா? வாசல்லயே நிபந்தனை போட்டிருக்கியே.

— ஒண்ணே ஒண்ணுதான். வர்ற வகை 'குளிர்மருந்து' வம்சமா இருக்கணும். எத்தனை டிகிரியில வைக்கணும்னு கேட்டா, பதில் சொல்லத் தெரிஞ்சது அந்த வம்சத்துக்கு மட்டும்தான்.

— சம்பந்தம் பேச வந்த மாமியார் மாதிரி குலம் விசாரிக்கிறான்னு நம்ம டீம் பெய்யூ புலம்பினா. பாவம், இன்சுலினுக்குப் பெட்டி விரிக்கப் போனவளை, எழுதினதைச் சரிபார்க்கிற கம்பைலர் நாலு தடவை விரட்டிடுச்சு. நிபந்தனையைத் தூக்கச் சொல்லி மேனேஜர்கிட்டயே போயிட்டா.

— தூக்கிட்டாங்களா?

— தூக்கத்தான் உட்கார்ந்தாரு. அப்பதான் அவருக்கே உறைச்சுது, இன்சுலின் குளிர்மருந்து இல்லேன்னா வேற என்ன, நூடுல்ஸான்னு. உள்ள போய்ப் பார்த்தா, யாரோ அதை 'சாதாமருந்து'க்கு வாரிசா எழுதி வெச்சிருக்காங்க. நிபந்தனை மட்டும் இல்லேன்னா, திங்கட்கிழமை இருமல் மாத்திரையோட சேர்ந்து லாரியில வெந்திருக்கும்.

— ஐயோ. அதைப் போட்டுக்கிறவங்க கதி?

— ஒண்ணும் ஆகலை. திருத்தியாச்சு. உன் வேலையை உறுதி பண்ற கடுதாசியில முத்திரையும் விழுந்தாச்சு. தற்செயலாப் பார்த்தேன், அவர் மேசைப் பக்கமா ஒரு நாலு தடவை போனப்ப.

— அப்பாடா. இப்பதான் மூச்சே வருது. ஆமா, எல்லார் கதையும் சொல்றீங்க, இன்சுலினை எழுதின அந்த 'யாரோ' பேர் மட்டும் தெரியலையாக்கா?

— மெஷினுக்கு ஒண்ணு போதும்னு நீதானே சொன்னே? மிச்சம் ரெண்டையும் நான் எதுக்கு வெச்சேன்னு நினைக்கிறே? பிரிச்சு வாயில போட்டுக்கிட்டு, பேசாம இரு.