கழட்டச் சொன்ன கதவு

இல்ல ஆசாரி, மாத்துறதுக்கு இல்ல. கழட்டத்தான் ஒங்கள வத்தலக்குண்டுல இருந்து வரச் சொன்னேன். கீலெல்லாம் நல்லாத்தான் இருக்கு. எங்க திண்டுக்கல்லு ஆசாரிமாரு, குடியிருக்கிற வீட்டு வாசக்கதவக் கழட்டுனா ஆகாதுன்னுட்டாக. இனிமே எனக்கு என்னத்த ஆகப்போகுது?

களவா? வரட்டுமே. ஒரு பித்தள அண்டா கெடக்கு, தூக்கிட்டுப் போகட்டும். எங்க வீட்டுக்காரரு பூட்டுப் பட்டறையில வேல. ஊருக்கெல்லாம் பூட்டு செய்யிறவுக வீட்ல கதவு இல்லையான்னு சிரிப்பாக. அவரு இப்ப வீட்டுக்கே வாரதில்ல, பட்டறையிலதான் படுக்குறாரு. இந்தத் தட்டுற சத்தத்தக் கேக்க முடியலையாம்.

எம்மவன்தான் தட்டுறான். சோலைமுத்து. பதினாறு வயசு. அந்தா, வேப்பமரத்துக்கிட்ட நிக்கிறான் பாருங்க, அவன்தான். வெளிய போயி கதவச் சாத்துவான், தட்டுவான். யம்மா, நான் ஞானராஜ், தொறங்கம்மாம்பான். தொறப்பேன். உள்ள வரமாட்டான். என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிப்பான். திருப்பிச் சாத்துவான், தட்டுவான். ஒரு நாளைக்கி நாப்பது அம்பது வாட்டி. தொறக்கலன்னா மண்டைய வச்சு முட்டுறான். மதுரப் பெரியாஸ்பத்திரி, ஏர்வாடி, அம்புட்டும் போயாச்சு.

ஞானராஜா? இவன் கூட்டாளி, ஒரே வகுப்பு. போன தை மாசம் இந்தி வேண்டாம்னு பள்ளிக்கூடத்துப் பிள்ளைக ஊர்வலம் போச்சுல்ல, போலீசு லத்தியோட வெரட்டுச்சு. ரெண்டு பேரும் இந்தத் தெருவுக்குள்ளதான் ஓடியாந்தாங்க. இவன் முந்தி வந்து உள்ள விழுந்துட்டான். அந்தப் பய பத்தடி பின்னாடி. இந்தா, இந்த வாசப்படியிலதான் அடிச்சுப் போட்டாக. மூணாம் நாளு போய்ச் சேந்துட்டான்.

அவுக ஆத்தா செபாஸ்தியம்மா வந்து கேட்டா, அக்கா, அந்நேரம் நீங்க வீட்ல இல்லையான்னு. நான் சந்தைக்குப் போயிருந்தேன், இவன் வேற தெருவுல ஓடிட்டான்னு சொன்னேன். நம்பிட்டா. நீங்க இருந்திருந்தா எம்பிள்ள பொழச்சிருப்பானேன்னு என் மடியில விழுந்து அழுதா. இவன் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டே இருந்தான். அவ தல மறையவும் வெளிய போயித் தட்டுனான். அதுதான் மொத வாட்டி.

சந்தைக்கெல்லாம் போகல ஆசாரி. இந்தத் தாப்பாளப் போட்டு, இந்தக் கதவுலதான் முதுகச் சாச்சு, எம்மவன் வாயப் பொத்திக்கிட்டு நின்னேன். கொரலு தெரியாமயா? முந்தின நாளு மத்தியானம் என் கையால சோறு தின்ன பய. யம்மா, யம்மான்னான். தொறந்தா எம்பிள்ளையவும் இழுத்துட்டுப் போயிருவாகளேன்னு நின்னுட்டேன். இப்ப எம்பிள்ளையும் எங்கிட்ட இல்ல.

சரி, உளியெல்லாம் எடுத்து வைங்க. செத்த இருங்க, அவன் வாரான். தட்டட்டும், தொறந்துட்டு வந்துர்றேன்.