மிஸ்ஸிங்கைச் சரிசெய்தவர்

குமுளியிலிருந்து வந்த பேருந்து கூடலூரில் நின்றிருந்தது. எனக்கு முன் இருக்கையில் காக்கிச் சட்டை போட்ட இரண்டு டிரைவர்கள். ஜன்னலோரம் இருந்தவர் கம்பியில் ஓங்கி அடித்துச் சொன்னார்: "வண்டியச் சரிபண்ணுனதுக்கு என்னைய வேலையிலருந்து நிப்பாட்டிட்டாக, மச்சான்."

"யாரு, அந்த மெட்ராஸ் கார் கம்பெனிக்காரகளா?"

"அவுகதான். புது பெட்ரோல் காரு. மலையில ஏத்தி எறக்கக் கூப்பிட்டாக. முத வளைவுலயே இஞ்சின் மிஸ்ஸிங், விட்டு விட்டு இழுக்குது. சார், ஒரு பிளக் அடிக்கலைன்னேன். பின்னாடி லேப்டாப் வச்சிருந்தவரு, 'நீங்க ஓட்டுங்க'ன்னாரு."

"அப்பறம்?"

"நாலஞ்சு வளைவு ஏறுன பெறகு அவுக டீ குடிக்கப் போனாக. நான் பானெட்டத் தொறந்தேன். பிளக்குக்குப் போற வயருக்கு நடுவுல ஒரு பொட்டி சொருகியிருந்துச்சு. அதக் கழட்டிட்டு வயர நேரா மாட்டுனேன். வண்டி சும்மா பூ மாதிரி ஏறுச்சு."

"நல்லதுதான?"

"என்ன மச்சான் நல்லது! அந்தப் பொட்டிதான் மிஸ்ஸிங் பண்ண வைக்கிதாம். மிஸ்ஸிங் ஆனா மீட்டர் போர்டுல லைட் எரியுதான்னு பாக்குறாகளாம். சோதனையே கெட்டுப்போச்சுன்னு கத்துறாக. எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா வாய் வெந்தா போகும்? நான் முத வளைவுல சொன்னத அவுக லைட்டு நாலாவது வளைவுலதான் சொல்லுச்சு!"

"அப்ப நாளைக்கு யாரு ஓட்டுவா?"

"இஞ்சின் எப்படிக் கத்துனாலும் காதுல வாங்காத டிரைவர் வேணும்னாக. ஒன் பேரக் குடுத்துட்டு வந்திருக்கேன்."