தோளில் நான்கு விரல்கள்

கண்ணில் சொட்டு மருந்து விடுவதற்கு ஒரு பக்குவம் உண்டு, மேடம். பலரும் கருவிழிமேல் நேராக விடுகிறார்கள். சுரீர் என்று எரியும். அடுத்த வேளைக்குக் கண்ணைத் திறக்கவே பயம் வந்துவிடும். கீழ் இமையை மெல்ல இழுத்தால் சின்னப் பை மாதிரி ஓர் இடம் கிடைக்கும். அதில் ஒரு சொட்டு போதும். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். கடைக்கு வருகிற வயதானவர்களுக்கெல்லாம் அலுக்காமல் இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

என் தங்கைக்கும் நான்தான் விடுவேன். பெயருக்குத்தான் தங்கை. அப்பா முன்னால் போய், பின்னாலேயே அம்மாவும் போனபோது அவளுக்குச் சட்டைப் பொத்தானைக்கூட ஒழுங்காகப் போடத் தெரியாது. இப்போது முப்பதை நெருங்கிவிட்டாள். எனக்கு இன்னும் பாப்பாதான். என் மடியில் தலையைச் சாய்த்து, "அக்கா, ஒன்னு ரெண்டு மூணு சொல்லிட்டு விடு" என்பாள். நான் இரண்டிலேயே விட்டுவிடுவேன். "ஏமாத்திட்டே" என்று சிரிப்பாள். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் அவளைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்தது தெரியாமல் மற்றதை மட்டும் கேட்டால் என்னைத் தவறாக நினைத்துவிடுவீர்கள்.

அவள் ஓர் அலுவலகத்தில் பில்களைக் கணினியில் ஏற்றும் வேலை பார்த்தாள். அலுப்புத் தட்டியதோ என்னவோ, திடீரென்று போட்டோக்களைத் திருத்தக் கற்றுக்கொள்கிறேன் என்று ஆரம்பித்தாள். இணையத்தில் அதற்கென்று ஒரு குழு. கற்றுக்கொள்பவர்கள் தாங்கள் திருத்திய படத்தை, திருத்துவதற்கு முன்னால் இருந்த படத்தோடு சேர்த்துப் போடுவார்கள். மற்றவர்கள் குறை சொல்வார்கள். அவள் அங்கே வைத்துக்கொண்ட பெயர் கத்துக்குட்டி.

முதல் படம் எங்கள் ஜன்னலுக்கு வெளியே தெரியும் மரம். வானத்தை நீலத்தில் முக்கி எடுத்த துணி மாதிரி ஆக்கி வைத்திருந்தாள். யாரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. சாப்பிடும்போது போனை எடுத்துப் பார்ப்பதும் கவிழ்த்து வைப்பதுமாக இருந்தாள். சாதத்தை அளைந்துகொண்டே இருந்தாள், உள்ளே போகவில்லை. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். நான் பாத்திரம் கழுவிவிட்டு, கண்ணாடிக்காரர் என்ற பெயரில் அந்தக் குழுவில் சேர்ந்தேன். "முதல் முயற்சிக்கு நன்றாக இருக்கிறது. வானத்தில் நீலத்தைக் கொஞ்சம் குறைத்தால் மரம் தெரியும்" என்று எழுதினேன்.

அவள் சமையலறைக்கு ஓடிவந்தாள். "அக்கா, ஒருத்தர் எழுதியிருக்கார். பெரிய ஆள் போல."

"அப்படியா" என்றேன்.

அதில் எந்தத் தப்பும் இருப்பதாக எனக்கு இன்றைக்கும் தோன்றவில்லை. அவளுக்குச் சொல்ல வேண்டுமே என்பதற்காகக் கடையில் சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்து நானும் படித்தேன். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, நிழல் எந்தப் பக்கம் விழ வேண்டும், முகத்தை எவ்வளவு மெழுகலாம், எதற்குமேல் பொம்மை ஆகிவிடும் என்பதெல்லாம் அப்படித்தான் தெரிந்துகொண்டேன். அவள் ஒரு பாடம் தாண்டினால் நான் இரண்டு பாடம் தாண்டினேன்.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். ஒருநாள் அவள் திருத்திய முகத்தைப் பார்த்து, "ரொம்ப வழவழன்னு ஆக்கிட்டே பாப்பா" என்றேன். "உனக்கு இதெல்லாம் புரியாதுக்கா" என்றாள். மறுநாள் கண்ணாடிக்காரர் அதையே எழுதினார். "நன்றி சார், இப்பவே மாத்துறேன்" என்று பதில் போட்டாள். ஒரே வாய், இரண்டு மரியாதை. வலித்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பிறகு குழுவில் ஒரு பயிற்சி வைத்தார்கள். படத்தில் இருக்கும் எதையாவது தடம் தெரியாமல் எடுத்துவிட வேண்டும். அந்த இடத்தைப் பின்னணியால் நிரப்ப வேண்டும். ஒருவர் குப்பைத் தொட்டியை எடுத்தார். இன்னொருவர் மின்கம்பத்தை எடுத்தார். பாப்பா என்னை எடுத்தாள்.

சின்ன வயதில் மிருகக்காட்சிசாலை வாசலில் நாங்கள் இருவரும் நின்ற படம். அவள் தோளில் நான் கை வைத்திருப்பேன். அவள் போட்ட படத்தில் நான் இல்லை. நான் நின்ற இடத்தில் சுவர் இருந்தது. செங்கல் வரிசைகூடத் தப்பவில்லை. அவள் தோளில் மட்டும் நான்கு விரல்கள் மிச்சமிருந்தன. "தடம் தெரியுதா சார்?" என்று கேட்டிருந்தாள்.

கடையில் ஒருவர் கண்ணாடிக்கு உறை கேட்டுக்கொண்டு நின்றார். அவரைக் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டுப் பதில் எழுதினேன். "தோளில் விரல்கள் இருக்கின்றன. அவற்றையும் எடுத்துவிடுங்கள்."

மாலைக்குள் எடுத்துவிட்டாள். குழுவே கைதட்டியது. அங்கே யாரையும் பாராட்டாத ஒரு பெண் இருந்தாள். தனக்குத் தானே சிடுமூஞ்சி என்று பெயர் வைத்துக்கொண்டவள். அவளே "சுத்தம்" என்று எழுதினாள்.

அதோடு விட்டாளா? அடுத்த படத்திலும் நான்தான், அதற்கடுத்ததிலும் நான்தான். பேருந்து நிறுத்தத்திலிருந்து எடுத்தாள், பள்ளி ஆண்டு விழாவிலிருந்து எடுத்தாள். "ஏன் எப்போதும் அந்த அம்மாவையே எடுக்கிறீர்கள்?" என்று கண்ணாடிக்காரராகக் கேட்டேன். "காரணம் இருக்கு சார். முடிஞ்சதும் சொல்றேன்" என்றாள்.

கடைசியில் எங்கள் குடும்பப் படம் வந்தது. அப்பா, அம்மா, நான், அவள் என்று நால்வரும் சேர்ந்திருக்கும் படம் எங்களிடம் அது ஒன்றுதான். அதிலும் நான் ஓரத்தில் நிற்பேன். எடுத்தவர் சரியாகப் பார்க்காததால் என் முகத்தில் பாதி வெட்டுப்பட்டிருக்கும். அந்தப் பாதியும் அவளுக்குப் பொறுக்கவில்லை. மூன்று பேர் நிற்கும் குடும்பமாக ஆக்கிவிட்டாள். மிக நன்றாகச் செய்திருந்தாள். அந்த வீட்டில் நான் பிறக்கவே இல்லை என்று யாரும் நம்பிவிடுவார்கள்.

அதே வாரம் கண்ணாடிக்காரருக்குத் தனியாக எழுதினாள். வேறு ஊரில் படம் திருத்தும் வேலை கிடைத்திருக்கிறது, அக்காவிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை என்று. நான் அவளுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன், மேடம். வேண்டுமென்றே, "எல்லாவற்றையும் வீட்டில் சொல்ல வேண்டியதில்லை" என்று எழுதினேன். அக்காவிடம் மறைக்க முடியாது சார் என்று அவள் சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். "சரி சார், இப்ப சொல்லல" என்றாள். பக்கத்து அறையில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள். பிறகு வெளியே வந்து, "அக்கா, டீ போடவா?" என்று கேட்டாள். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பாய்வதற்கு முன் டீ வேண்டுமா என்று கேட்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

திரையையே பார்த்துப் பார்த்து அவள் கண் வறண்டிருந்தது. டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்து வீட்டில் இருந்தது. அதில் என்ன கலந்தேன் என்பதை டாக்டரிடம் சொல்லிவிட்டேன். அவருக்குத்தான் அது தேவை. கோபத்தில் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கோபம் இருந்தால் கை நடுங்கும். எனக்கு நடுங்கவில்லை. கீழ் இமையை இழுத்து, ஒன்று இரண்டு சொல்லி, எப்போதும் போலத்தான் விட்டேன். எரிகிறது என்றாள். மருந்து வேலை செய்கிறது என்றேன்.

அவளுக்கு வேறு எந்தக் குறையும் வரவிடவில்லை. கை கால் நன்றாக இருக்கிறது. பசித்தால் ஊட்டிவிட நான் இருந்தேன். வெளியே போக வேண்டுமென்றால் என் கையைப் பிடித்துக்கொண்டு போகலாம். சிறுவயதில் அப்படித்தானே போனாள்.

முதலில் கண்டுபிடித்தது அந்தக் குழு. பாப்பாவின் படங்களில் வண்ணம் மறுபடி தூக்கலாக வர ஆரம்பித்தது. கோடுகளைக் கத்தி மாதிரி கூர்மையாக்கினாள். அவளுக்கு அப்படிச் செய்தால்தான் ஏதோ தெரிந்தது. "திரையில புகை மாதிரி இருக்குக்கா" என்றாள். குழுவில், ஏன் பின்னால் போகிறாய் என்று கேட்டார்கள். கண்ணாடிக்காரர் அவர்களோடு வாதாடினார். "இப்போதுதான் இவருக்கென்று ஒரு பாணி வந்திருக்கிறது" என்று எழுதினார். எழுத்துகள் அவளுக்குத் தெரியவில்லை. நான்தான் வாசித்துக் காட்டினேன். "சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எனக்கும் நிறைவாக இருந்தது. அந்த நாட்களில் நாங்கள் இருவரும் நன்றாகவே இருந்தோம்.

சிடுமூஞ்சிதான் கெடுத்தாள். "இது பாணி இல்ல. இந்தப் பொண்ணுக்குக் கண்ணு தெரியல" என்று எல்லோரும் பார்க்க எழுதினாள். பாப்பாவுக்குப் போன் செய்து முகவரி வாங்கி, நான் கடையில் இருக்கும் நேரம் பார்த்து வந்து, வேறொரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். மருந்துப் புட்டியையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். மற்றதெல்லாம் நீங்கள் கண்டுபிடித்தது. கண்ணாடிக்காரர் என் போனில்தான் இருந்தார்; நான் அவரை அழிக்கவில்லை.

நேற்று நீங்கள் அவள் கணினியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தீர்கள். குடும்பப் படத்தின் கோப்பைத் திறந்தீர்கள். குழுவில் போடுவது ஒட்டிமுடித்த ஒரே படம். ஆனால் வேலை செய்யும் கோப்பில் படங்கள் கண்ணாடித் தாள்கள் மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். ஒவ்வோர் அடுக்குக்கும் பக்கத்தில் சின்னதாக ஒரு கண் வரைந்திருக்கும். அதை அணைத்தால் அந்த அடுக்கு மறைந்துவிடும். பாப்பா ஓர் அடுக்கை அணைத்து வைத்திருந்தாள். நீங்கள் அதை அழுத்தினீர்கள்.

நான் வந்தேன். ஓரத்தில் இல்லை, நடுவில். ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் அம்மா, எனக்கு முன்னால் பாப்பா. மிருகக்காட்சிசாலைப் படத்திலிருந்து என்னை முழுதாக வெட்டி எடுத்து அங்கே நிறுத்தியிருந்தாள். முகம் முழுவதும் இருந்தது. அவள் தோளில் என் நான்கு விரல்களும் இருந்தன.

"ஓரத்துல பாதி முகமா நிக்கறத எடுத்தாதானே நடுவுல வைக்க முடியும்? அதுக்குத்தான் மத்த படத்துல எல்லாம் பழகினாளாம்" என்றீர்கள். "வேலை விஷயத்த சொல்லும்போது இதக் குடுக்கணும்னு இருந்தாளாம். அங்க ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் வீடு பாத்திருக்கா." அப்புறம், "அக்கா செஞ்சிருக்க மாட்டான்னு இன்னும் சொல்லிட்டிருக்கா" என்றும் சொன்னீர்கள்.

எனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தீர்கள் போல. தண்ணீர்கூட எடுத்து வைத்தீர்கள். நான் யோசித்துக்கொண்டிருந்தேன். இவ்வளவையும் மூடி வைத்தது யார்? அவளா, நானா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஊர் பேர் தெரியாத ஒருவரிடம் சொல்லத் தெரிந்தவளுக்குக் கூடப் பிறந்தவளிடம் சொல்லத் தெரியவில்லை. துரோகம் அங்கேதான் ஆரம்பித்தது. இதை நீங்கள் எழுதிக்கொண்டால் போதும். மருந்தில் கலந்தது நான்தான், தெரிந்தேதான் கலந்தேன். பார்வை திரும்பாது என்பதும் எனக்குத் தெரியும். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

அந்தப் படத்தில் ஒரு குறை இருக்கிறது. வெளிச்சம் அம்மா பக்கத்திலிருந்து வருகிறது. என் விரல்களின் நிழலும் அதே பக்கம் விழுகிறது. கத்துக்குட்டிகள் எல்லோரும் செய்கிற பிழைதான். அவளிடம் சொல்ல வேண்டாம். படம் நன்றாக வந்திருக்கிறதென்று கண்ணாடிக்காரர் சொன்னதாகச் சொல்லுங்கள், சந்தோஷப்படுவாள்.

இன்னொன்று கேட்க வேண்டும். வலி தெரியாமலிருக்க அவளுக்கு ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து கொடுத்திருப்பதாகச் சொன்னீர்கள். வேளாவேளைக்கு யார் விடுகிறார்கள்? நர்ஸ் என்றால் சரிப்படாது, மேடம். மற்றவர்கள் கை பட்டால் இமையை இறுக்கிக்கொள்வாள். சாயங்காலம் ஒரு தடவை என்னை அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். நான் விட்டால்தான் பாப்பா கண்ணைத் திறப்பாள்.