சோதினைக்கு வந்த மண்ணீரல்

அங்கை இல்லைத் தம்பி, இன்னும் கீழை. விலா எலும்புக்குக் கீழை தடவிக்கொண்டு நிண்டால் ஒண்டும் தட்டுப்படாது, அது எப்பவோ அந்த இடத்தைத் தாண்டிப் போட்டுது. வலது பக்கம் அடிவயித்திலை கையை வைச்சுத் தொடங்கிச் சரிவாய் மேலை வாங்கோ. நான் மூச்சை உள்ளுக்கை இழுக்கேக்கை அது வந்து உங்கடை விரலிலை முட்டும். முட்டினதே? அதுதான் மண்ணீரல். ஓரத்திலை ஒரு வெட்டு மாதிரி இருக்கும், அதையும் ஒருக்கால் தடவிப் பாத்திட்டுக் கையை எடுங்கோ. சோதினையிலை அந்த வெட்டைக் கேப்பினம்.

நீங்கள் இடக்கையரோ? எழுதிறது எந்தக் கையாலையும் எழுதுங்கோ. வயித்தை மட்டும் கட்டிலுக்கு வலப்பக்கம் நிண்டு வலக்கையாலை பிடியுங்கோ. போன முறை ஒரு பெடியன் அந்தப் பக்கம் நிண்டு பிடிச்சு, சோதிக்க வந்த பெரியவரிட்டை நல்ல ஏச்சு வாங்கினவன். கையையும் முதல் தேய்ச்சுச் சூடாக்கவேணும். எனக்குப் பழகிப்போச்சு, நான் பல்லைக் கடிச்சுக்கொண்டு கிடப்பன். எல்லா வருத்தக்காரரும் கிடக்கமாட்டினம்.

மணிக்கூட்டைப் பாக்காதேங்கோ. ஒரு மணித்தியாலத்திலை இருவது நிமிசந்தான் போயிருக்கு. உந்தத் திரைச்சீலையை இழுத்துவிட்டால் நீங்களும் நானும்தான். மணி அடிச்சாப்பிறகுதான் சோதிக்கிற மூண்டு பேரும் வருவினம்.

ஓம், இது எனக்கு மூண்டாவது சோதினை. கிளினிக் எங்கடை ஊர் ஆஸ்பத்திரியிலைதான், பருத்தித்துறைப் பக்கம். டொக்டருக்குப் படிக்கிற உங்கடை பைனல் சோதினைக்கு மட்டும் கடிதம் போட்டு இஞ்சை யாழ்ப்பாணத்துக்குக் கூப்பிடுவினம். அதாலைதான் உங்களுக்கு என்னைத் தெரியாது. எனக்கு என்ன வருத்தம், என்ன நோய் எண்டு மட்டும் சொல்லக்கூடாது எண்டு நேர்ஸ் காலமை வந்து சொல்லிப்போட்டுப் போனவ. எனக்கே தெரியாது, நான் என்னத்தைச் சொல்லுறது எண்டன். அவவுக்குச் சிரிப்பு. போன வருசம் ஒரு பெட்டைப்பிள்ளை வந்தது. வந்த உடனை என்ரை பேரைக் கேட்டுது. சீவரத்தினம் எண்டன். சீவரத்தினம் அண்ணை, கை வைக்கட்டோ எண்டு கேட்டுத்தான் கையை வைச்சுது. அந்தப் பிள்ளைக்கு நான் எல்லாம் சொல்லிக் குடுத்தனான். பாஸ் பண்ணி இப்ப எங்கடை ஊரிலைதான் நிக்குது.

நீங்கள் பேரைக் கேக்கேல்லை. பரவாயில்லை, அந்தத் துண்டிலை எழுதிக் கிடக்குத்தானே.

வேலையோ? பஸ் கொண்டக்டர். பருத்தித்துறை யாழ்ப்பாணம், இருவத்திரண்டு வருசம். வருத்தம் வந்தாப்பிறகு விட்டிட்டன். அந்த வேலையிலை ஒரு பழக்கம் வந்திட்டுது தம்பி. ஒருக்கால் ரிக்கற் குடுத்த முகத்தை மறக்கமாட்டன். ஆர் எங்கை ஏறினது, மிச்சம் வாங்காமல் இறங்கினது ஆர், எல்லாம் நிக்கும்.

காய்ச்சலோ? ஓம், அதை எழுதுங்கோ. எண்பத்தேழாம் ஆண்டு என்னை வவுனியா டிப்போவுக்கு மாத்திப் போட்டினம். அங்கை ஒரே நுளம்பு, இரவிரவாய்க் கடி. ஒண்டுவிட்ட ஒருநாள் நடுக்கம் எடுக்கும், பேந்து வேர்த்துக்கொட்டும். கசப்புக் குளிசை தந்தவை. எழுதிறியளோ? வடிவாய் எழுதுங்கோ, ஆறுதலாய்ச் சொல்லுறன். தோல் கறுப்போ? இது வெய்யில் தம்பி. கொண்டக்டர் வேலை எல்லே, வெய்யிலுக்கை நிண்டு கறுத்துப்போனன். இரத்தம் எங்கையாலும் வந்ததோ எண்டோ? இல்லை. மூக்காலை, பல்லு முரசாலை, ஒண்டாலையும் இல்லை. இல்லை எண்டு எழுதுங்கோ.

வீட்டிலை ஆக்களோ? மனிசி நாகேஸ்வரி போன வருசம் போட்டா. நெஞ்சு நோ எண்டா, ஒரு பகல்தான். எனக்கு நாள் வைச்சிருக்க அவ முந்திப்போட்டா. மற்றது ஒரு மகள். அந்த யன்னலாலை எட்டிப் பாருங்கோ, வேம்புக்குக் கீழை நீலச் சீலையோடை நிக்கிறாள். கையிலை இருக்கிறது எனக்குச் சோத்துப் பாசல். தவமலர். வயது இருவத்திரண்டு. அவளும் பயோதான் படிச்சவள்.

இல்லை, கூப்பிடத் தேவையில்லை. கூப்பிட்டாலும் வலப்பக்கத்தாலை கூப்பிட்டால் அவளுக்குக் கேக்காது. அது பிறவியிலை வந்ததில்லை.

நாள் வைச்சது எண்டால் என்னெண்டோ? சொல்லுறன், நேரம் கிடக்குத்தானே. எண்பத்தொன்பது கார்த்திகை. சாப்பிட ஏலாது, ரெண்டு வாயோடை வயிறு நிறைஞ்ச மாதிரி இருக்கும். உடம்பு வத்திப்போச்சு. இந்த வாட்டிலைதான் கொண்டுவந்து போட்டவை. இரத்தம் எடுத்தினம், நெஞ்செலும்பிலை ஊசியும் குத்தினவை. குத்தின டொக்டர் நாகேஸ்வரியை அங்காலை கூட்டிக்கொண்டு போய்க் கதைச்சார். அவ திரும்பி வந்து, ஒண்டுமில்லையாம், இரத்தம் கொஞ்சம் குறைவாம் எண்டா. சொல்லிப்போட்டு என்ரை போர்வையை உதறி மடிச்சா. அது ஏற்கனவே மடிச்சுக் கிடந்த போர்வை.

அப்பிடித்தானே உங்களுக்கும் படிப்பிக்கிறது? வருத்தக்காரனுக்குச் சொல்லாதை, வீட்டுக்காரருக்குச் சொல்லு. நல்லது. வருத்தம் வீட்டுக்காரருக்கெண்டால் அது சரிதான்.

அடுத்தநாள் வாட்டுப் பெரிய டொக்டர் படிக்கிற பெடியள் ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்து என்னைச் சுத்தி விட்டார். மூண்டாம் வருசம், வாட்டுக்குப் புதிசு. வெள்ளைக் கோட்டிலை மடிப்புக் கலையேல்லை. ஆளாள் மாறி வயித்தைப் பிடிச்சவை. பிறகு அவர் மற்றக் கட்டிலுக்குப் போக, ரெண்டு பேர் மட்டும் பிந்தி நிண்டினம். நான் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தன். ஒருத்தன் கேட்டான், இது எவ்வளவு காலத்துக்கு எண்டு. மற்றவன் சொன்னான், கூடினால் மூண்டு வருசம். சொல்லிப்போட்டு இன்னும் ஒண்டு சொன்னான். அருமையான கேஸ், ஆனால் என்ன பிரயோசனம், எங்கடை பைனலுக்கு இந்தாள் இருக்கமாட்டான். ரெண்டு பேரும் சிரிச்சினம். பெரிய சிரிப்பில்லை, வாட்டுக்கை சிரிக்கிற அளவுச் சிரிப்பு.

இங்கிலீசிலைதான் சொன்னவை. காக்கிச் சட்டைக்காரனுக்கு என்ன இங்கிலீசு எண்டு நினைச்சிருப்பினம். நான் எஸ்எஸ்சி பாஸ் தம்பி, இங்கிலீசுக்குக் கிரெடிற்.

நானோ? நான் கண்ணைத் திறக்கேல்லை. திறந்தால் அதுகள் வெக்கப்படுங்கள் எண்டு நினைச்சன். பாருங்கோவன், என்னைப் பற்றி யோசிக்கேல்லை, அதுகளின்ரை வெக்கத்தைப் பற்றி யோசிச்சிருக்கிறன்.

வீட்டை போனன். மூண்டு வருசம். தவமலர் ஏ.எல். எடுத்துப்போட்டு றிசல்ட்ஸைப் பாத்துக்கொண்டு இருந்தவள். கிளிநொச்சியிலை செல்வரட்ணம் எண்டு ஒருத்தர் பொம்பிளை கேட்டு விட்டிருந்தவர். நாப்பத்திரண்டு வயது, ரெண்டாந்தாரம், அரிசி மில் இருக்கு. நல்லாய் இருக்கிற காலத்திலை எண்டால் நான் அவருக்கு பஸ்ஸிலை முன்பக்கத்துக் கதிரையும் குடுத்திருக்கமாட்டன். மூண்டு வருசம் எண்டவுடனை அவர் எனக்கு நல்ல மாப்பிள்ளையாய்த் தெரிஞ்சார். அவள் மாட்டன் எண்டாள். றிசல்ட்ஸ் வரட்டும் அப்பா எண்டாள். நான் சத்தம் போடேல்லை, அடிக்கேல்லை. அறைக்குள்ளை கூட்டிக்கொண்டு போய், பிள்ளை, அப்பாவுக்கு மூண்டு வருசந்தான், கண்ணை மூடமுதல் உன்னை ஒருத்தன்ரை கையிலை பிடிச்சுக் குடுக்கவேணும் எண்டன். அவ்வளவுதான் சொன்னனான். தை மாதம் தாலி ஏறிச்சுது.

றிசல்ட்ஸ் ஐஞ்சு மாதம் கழிச்சு வந்தது. நாலு பாடமும் நல்ல பாஸ். வெள்ளைக் கோட்டுப் படிப்புக்கு அது காணுமோ காணாதோ எண்டு நான் ஒருத்தரையும் விசாரிக்கேல்லை. விசாரிக்கப் பயம்.

ஒண்டரை வருசத்திலை ஒரு பையோடை வந்து வாசல்லை நிண்டாள். காது அப்பவே போட்டுது. அவர் கதைக்கிறதெல்லாம் கையாலைதானாம்.

ஓம், நான்தான் செய்தனான். உங்கடை முகத்திலை அது எழுதிக் கிடக்கு, சொல்லத் தேவையில்லை. நான்தான் கட்டிக் குடுத்தது. ஆனால் அந்த மூண்டு என்ரை இல்லை. அதை ஒருத்தன் போற போக்கிலை தந்துபோட்டுப் போனவன்.

பிறகு நான் சாகேல்லை. அதுதான் பெரிய பகிடி. தொண்ணூற்றிரண்டு கார்த்திகை வந்தது, போனது. சண்டையாலை பாதை பூட்டு, குளிசை சிலவேளை கப்பலிலை வரும், சிலவேளை வராது. வராத மாதம் வயிறு ஊதும், வந்தால் வத்தும். ஊரிலை எல்லாரும் சீவரத்தினத்தாருக்கு ஆயுள் கெட்டி எண்டு சந்தோசப்பட்டினம். மூண்டு வருசம் முடிஞ்ச அண்டைக்குத் தவமலர் எனக்குச் சோத்தைப் போட்டுத் தந்துபோட்டு முன்னுக்கு இருந்தாள். பேந்து கேட்டாள், எப்பவப்பா எண்டு. கோவமில்லை தம்பி. கடைசி பஸ் எத்தினை மணிக்கு அண்ணை எண்டு ஆக்கள் கேட்பினமே, அப்பிடித்தான் கேட்டாள். நான் சோத்தைக் குழைச்சுக்கொண்டு இருந்தன்.

கொழும்பிலை மாமி கூப்பிடுறா அவளை, வந்து படி எண்டு. போகமாட்டாள். என்னைப் பாக்க ஆளில்லை எல்லே. நான் முடிஞ்சாத்தான் அவளுக்கு வழி. வருத்தத்துக்குக் குளிசை குடுக்கிறதோடை உங்கடை படிப்பு முடிஞ்சுது. சாகாமல் விட்டவன் என்ன செய்யிறது எண்டு எந்தப் புத்தகத்திலை கிடக்கு? அவனோடை இருக்கிறவை என்ன செய்யிறது? சோதிக்க வாறவையைக் கேட்டுப் பாருங்கோ.

என்ன, பேனை விழுந்திட்டுது. எடுங்கோ. இடக்கையாலைதானே எடுக்கிறியள்.

அண்டைக்கும் நீர் இடக்கையாலைதான் பிடிச்சனீர். அந்தப் பக்கம் நிண்டு. குரலும் அதுதான், கண்ணாடி மட்டும் இப்பத்தைப் புதிசு. திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வந்தவுடனை எனக்கு விளங்கீட்டுது. நீர் என்ரை முகத்தைப் பாக்கேல்லை, நேரை வயித்துக்குத்தான் போனனீர். அண்டைக்கும் அப்பிடித்தான். நான் உம்மடை பைனலுக்கு இருக்கிறன் பாரும். உமக்கே கேஸாய்க் கிடைச்சிருக்கிறன்.

அழாதையும், ஆக்கள் வந்தால் சரியில்லை. மன்னிப்பும் கேக்காதையும், அதை வைச்சு நான் என்ன செய்யிறது. நேரம் போகுது, பேப்பரை எடும். வவுனியா எண்டு எழுதினதை முழுக்க வெட்டும். நான் வவுனியாவிலை ஒருநாளும் வேலை செய்யேல்லை. நடுங்கிற காய்ச்சலும் எனக்கு வரேல்லை. மலேரியா எண்டு போய்ச் சொல்லியிருந்தால் சோதிக்கிறவை உம்மைத் துலைச்சிருப்பினம். அதுக்குத்தான் அந்தப் பொய்யைச் சொன்னனான், இப்ப ஒளிக்கேல்லை. கறுப்பு வெய்யிலாலை இல்லை, பஸ்ஸுக்குள்ளை நிண்டவனுக்கு எங்காலை வெய்யில். அது குளிசை தந்த கறுப்பு. அதை எழுதினால் பெரியவை தலையை ஆட்டுவினம்.

இன்னும் ஒண்டு கிடக்கு. அதை ஊர் டொக்டருக்கும் சொல்லேல்லை, தவமலருக்கும் சொல்லேல்லை. ரெண்டு கிழமையாய் முரசாலை இரத்தம் வருது. காலமை துப்பேக்கை வரும், அவள் காணமுதல் தண்ணி ஊத்திக் கழுவிவிடுவன். குளிசை போட்டும் வயிறு இந்த முறை வத்தேல்லை. காலிலை பாரும், இந்தப் புள்ளியள் போன கிழமை இல்லை. விரலாலை அமத்தும். மறையுதே? மறையாது.

இதென்னெண்டு உமக்குத் தெரியும். எனக்கும் கொஞ்சம் தெரியும், ஆனால் நான் கொண்டக்டர், நீர்தான் டொக்டர். மூண்டு பேரும் அங்காலைக் கட்டிலுக்கு வந்திட்டினம், குரல் கேக்குது. அவைக்கு இங்கிலீசிலை சொல்லும். முதல் எனக்குச் சொல்லும், தமிழிலை, இந்த முறை முகத்தைப் பாத்துக்கொண்டு. எப்ப?

கெதியாய்ச் சொல்லும். அவள் சோத்துப் பாசலோடை வெய்யிலுக்கை நிக்கிறாள், நான் போய் அவளுக்குச் சொல்லவேணும்.